கொண்டம்மாள் உண்ட சோறு

ஆனி மாதத்து வளர்பிறைப் பஞ்சமியன்று காலையில், வந்தவாசிச் சாலையிலிருந்து பிரிந்து ஏரிக்கரை மேலேறி இறங்கும் வண்டித்தடத்தின் முடிவில், பசித்தவர்க்குச் சோறிடுவதும் அறியாதவர்க்கு எழுத்திடுவதும் ஒரே தொண்டின் இரண்டு கைகள் என்று கருதிய பெரியவர்கள் சிலர் கூடிக் கட்டிய உண்டு உறைவிடப் பள்ளியின் வாசலில், பெருமாள் மாட்டுக்காரன் கெங்கையன் தன் மூத்த மகள் கொண்டம்மாளைக் கொண்டுவந்து நிறுத்தினான். அவளுக்கு அப்போது எட்டு வயது. அவனுக்குப் பின்னால் கண்ணாடிச் சில்லு பதித்த போர்வையும் கழுத்துச் சதங்கையுமாக மாடு நின்றது. மாட்டுக்குப் பின்னால் அவன் மனைவி நாரம்மாள், இடுப்பில் கைக்குழந்தையும் முந்தானையைப் பிடித்தபடி மூன்று வயதுச் சிங்கையனுமாக நின்றாள்.

ஊர் ஊராக நடந்தே பிழைக்கும் குடிகளுக்கென்று அந்த அறக்கட்டளை ஓர் ஏற்பாடு செய்திருந்தது. ஒரு குடும்பம் தன் பிள்ளைகளில் ஒன்றைப் பள்ளியில் விட்டுவைத்தால், அந்தப் பிள்ளைக்கு மூன்று வேளை உணவும் உடையும் படிப்பும் பள்ளியில் கிடைக்கும்; வீட்டாருக்கு மாதந்தோறும் ஒரு சிப்பம் அரிசியும் பருப்பும் எண்ணெயும் கிடைக்கும். கையேந்தும் கைகளில் ஒன்று குறைந்தால் உலையில் ஒரு பிடி குறைந்துபோகும் என்பதனாலேயே இத்தகைய பிள்ளைகள் பாதியில் திரும்ப அழைத்துச் செல்லப்படுகிறார்கள் என்பதைத் தலைமையாசிரியர் ரங்கபாஷ்யம் பல ஆண்டுகள் பார்த்து அறிந்திருந்தார். குறையும் அந்த ஒரு பிடியை நாம் கொடுத்துவிட்டால் பிள்ளை நிலைத்து நிற்கும் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணத்தில் பிழை ஏதும் இல்லை.

கெங்கையனின் குடியில் ஒரு வழக்கம் இருந்தது. தெருத்தெருவாகச் சுற்றிப் பையில் விழுந்த அரிசி உலையேறிச் சோறாகி இறங்கியதும், முதல் உருண்டை மாட்டுக்கு உரியது. அதை நீட்டும்போது வீட்டுக்கு மூத்தவன், "நீ தின்னா நாங்க தின்ன மாதிரி" என்று சொல்வான். அதைச் சொன்ன பிறகே மற்றவர் வாயில் சோறு போகும். விடைபெறும் சொற்கள் என்று அவர்களிடம் தனியே எதுவும் இல்லை, ஏனெனில் அவர்கள் எவரையும் விட்டுச் சென்றதே இல்லை. புறப்படுவது என்றால் எல்லோரும் புறப்படுவதுதான். ஆகவே, பள்ளியின் இரும்புக் கதவுக்கு அப்பால் மகளும் இப்பால் தானுமாக நின்றபோது, ஏதேனும் சொல்ல வேண்டும் என்று அறிந்து, சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று தேடி, தனக்குத் தெரிந்தவற்றுள் அன்பான சொல் அதுவே என்பதால், கம்பிகளுக்கிடையே கையை நீட்டி அவள் தலையைத் தொட்டு, "நீ தின்னா நாங்க தின்ன மாதிரி" என்று கெங்கையன் சொன்னான். அவள் தலையை ஆட்டினாள். அவர்கள் போனார்கள்.

அன்று நண்பகலில் கொண்டம்மாள் மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் அமர்ந்து, வேண்டுதல் பாடி முடிந்த பின், சோறும் முருங்கைக்கீரைப் பொரியலும் ரசமும் மோரும் உண்டாள். அதே வேளையில் தெள்ளாற்றுக்கு அப்பால் ஒரு புளியமரத்தடியில் நாரம்மாள் உலையை இறக்கி வைத்துவிட்டு, தனக்கு வேண்டாம் என்றாள். கெங்கையன் தனக்கும் வயிறு நிறைந்தாற்போல் இருக்கிறது என்றான். சிங்கையன் ஏப்பம் விட்டான். அதில் முருங்கைக்கீரை மணத்தது. வெயிலின் வேலை என்று எண்ணி, வடித்த சோறு முழுவதையும் மாட்டுக்கு வைத்துவிட்டு, அவர்கள் நிழலில் படுத்து உறங்கினார்கள்.

மூன்றாம் நாள் மறுபாதியும் தெரியவந்தது. அவர்கள் தாமாக உண்டது அவர்கள் வயிற்றில் நிற்கவில்லை. எத்தனை கவளம் உள்ளே போனாலும் காற்றை விழுங்கியது போல் இருந்தது. பள்ளியில் மணி அடித்து அந்தப் பெண் உண்டு முடித்ததும், நடந்துகொண்டிருந்த சாலையிலேயே, ஒரே கணத்தில், நால்வருக்கும் பசி அடங்கியது. அதன் பிறகு நாரம்மாள் பானையைக் கழுவிக் கவிழ்த்து மாட்டின் மேல் கட்டினாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு பெற்றோர் வந்து பார்க்கும் நாள். அன்று சமையற்கட்டுப் பக்கமாக வந்து நின்ற நாரம்மாள், சமையல் செய்யும் அஞ்சலாட்சியிடம், "அக்கா, செவ்வாக்கெழம கத்திரிக்கா சாம்பாரு வெச்சீங்களே, அதுல உப்பு தூக்கலாப் பூட்ச்சு" என்றாள்.

அஞ்சலாட்சி கரண்டியோடு திரும்பிக் கொண்டம்மாளைப் பார்த்தாள். "ஏண்டி, ஆத்தா வந்ததும் வராததுமா கோள் மூட்டிட்டியா?"

"அவ ஒண்ணும் சொல்லலக்கா. இப்பத்தான நாங்க வரோம்."

"அப்ப ஒனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. நாக்குல இருந்துச்சு. அன்னிக்கி நாங்க சேத்துப்பட்டாண்ட இருந்தோம். பொழுதுக்கும் தண்ணியாக் குடிச்சிக்கினு இருந்தோம்."

"என் உப்பு சேத்துப்பட்டு வரைக்கும் போவுதா?"

"போவுதுக்கா. வெள்ளிக்கெழம பாயசம் நல்லா இருந்துச்சு. ஏலக்கா நசுக்கிப் போட்டீங்க."

ஏலக்காயைப் பற்றி அதுவரை ஒருவரும் அஞ்சலாட்சியிடம் ஒரு சொல் சொன்னதில்லை. அவள் கோபத்தை மறந்து, அப்படியானால் புதன்கிழமைப் பூசணிக் கூட்டு எப்படி இருந்தது என்று கேட்டாள். அவ்வாறு இருவரும் அந்த மாதத்துச் சமையல் முழுவதையும் நாள் நாளாகப் பேசி முடித்தார்கள். "நாப்பது பேருக்கு வடிக்கிறேன்னு நெனச்சிக்கினு கீறேன், நாப்பத்தி நாலு பேருக்கு வடிக்கிறேன் போல" என்று அவள் பின்னர் தலைமையாசிரியரிடம் சொன்னாள், அரிசி அளக்கும் படியைக் கழுவியபடியே.

ரங்கபாஷ்யம் அதைச் சோதித்துப் பார்த்தார். கொண்டம்மாளைத் தம் அறைக்குள் அழைத்து, கதவைச் சாத்தி, வாயில் ஒரு துண்டு கற்கண்டு போட்டார். பின்பு கிணற்றடிக்குப் போய், அங்கே குழந்தைக்குக் கால் கழுவிக்கொண்டிருந்த நாரம்மாளிடம் வாய் எப்படி இருக்கிறது என்று கேட்டார். "கல்கண்டு சாமி. சின்னத் துண்டு" என்றாள் அவள். எம்பெருமான் உண்டால் உலகெல்லாம் உண்டதாகும் என்பதை அறுபது ஆண்டுகள் விடியலில் ஓதிவந்தவர் ஆதலால், அது ஒரு சிறு பெண்ணின் வாயில் நடப்பதைக் கண்டபோது வியப்பதற்கு அவரிடம் எதுவும் மிச்சம் இருக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு, அடுத்த வகுப்புக்கு மணி அடிக்கச் சொன்னார்.

ஏரிக்கரையில் கூடாரம் அடித்திருந்த கெங்கையனின் உறவினர் ஏழு குடும்பத்தாரும் அந்த ஆவணியில் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு தகப்பனும் கம்பிகளுக்கிடையே கையை நீட்டி, தலையைத் தொட்டு, அதே சொற்களை அதே குரலில் சொன்னான். ஒன்றும் நிகழவில்லை. முதலில் நாளைக் குற்றம் சொன்னார்கள், பிறகு பிள்ளைகளைக் குற்றம் சொன்னார்கள், பிறகு அதை மறந்து, மாதச் சிப்பத்தை வாங்கிக்கொண்டு தங்கள் தங்கள் வழியில் நடந்தார்கள். கெங்கையனின் குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது, அரசாங்க உத்தியோகத்தில் மகன் இருக்கும் வீட்டைப் பற்றிப் பேசுவது போல, "அவனுக்கு இன்னா, பொண்ணு திங்குது" என்பார்கள். அதில் பொறாமை சிறிது இருந்தது. அதுவும் நாளடைவில் தேய்ந்தது.

சாலையோரத்து ஊர்களுக்குத்தான் பழக நாளாயிற்று. முறத்தில் அரிசியோடு வெளியே வரும் பெண்களிடம் கெங்கையன், அரிசி வேண்டாம், மாட்டுக்கு ஒரு கை வைக்கோல் இருந்தால் போதும் என்றான். நல்ல காலம் வருமா என்று மாட்டிடம் கேட்டு, அது தலையசைத்ததற்குக் கொடுத்த அரிசியை வாங்காமல் போனால், அந்த நல்ல காலம் யார் வீட்டுக்குப் போகும் என்று அவர்களுக்குக் கவலை வந்தது. "எங்க அரிசி ஒனக்கு எளப்பமாப் பூட்ச்சா?" என்று ஆவணியாபுரத்தில் ஒருத்தி முறத்தை அவன் பையில் கவிழ்த்தே விட்டாள். அதற்கப்புறம் அவன் மறுப்பதை விட்டான். வாங்கிய அரிசியை அடுத்த ஊர்க் கோவில் வாசலில் இருப்பவர்களுக்குப் போட்டுவிட்டு நடந்தான்.

ஐப்பசியில் அறக்கட்டளையின் குழு கூடியது. பள்ளிக்கு அரிசி அனுப்பும் மண்டிக்காரர் பாண்டுரங்கன் அதில் உறுப்பினர். கை தாராளமுள்ளவர், பந்தியில் ஒரு பிள்ளை மறுசோறு கேட்டால் கண்ணில் நீர் வருபவர்.

"நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றார் பாண்டுரங்கன். "அந்தக் குடும்பத்துக்கு வயிறு இங்கயே நெறையுது. நாம குடுக்கற சிப்பத்த வாங்கிக்கினு போய் இன்னா பண்றாங்க? மாட்டுக்குக் கொட்றாங்க. என் பொன்னி அரிசிய மாடு திங்குது சார்."

குழுவினர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு, காத்திருப்போர் பட்டியலில் கழைக்கூத்தாடிக் குடும்பம் ஒன்று ஆவணி முடிவிலிருந்து இருப்பதையும், அந்த வீட்டில் சென்ற மாதம் ஒரு குழந்தை இறந்ததையும் அவர் சொன்னபோது எவரும் சிரிக்கவில்லை. கெங்கையன் குடும்பத்துச் சிப்பம் அவர்களுக்கு மாற்றி எழுதப்பட்டது. கெங்கையனை அழைத்துக் கேட்டார்கள். "எடுத்துக்கங்க சாமி, எங்களுக்குத் தின்னா நிக்கல" என்று சொல்லி அவன் தாளில் கட்டைவிரலை வைத்தான். அதே கூட்டத்தில், மாணவி கொண்டம்மாள் எக்காரணம் கொண்டும் ஒரு வேளை உணவையும் தவறவிடலாகாது என்றும், நான்கு உயிர் அதில் இருப்பதால் சமையற்பணியாளர் நேரில் நின்று உண்ணச் செய்ய வேண்டும் என்றும் தீர்மானம் எழுதினார்கள். அந்தத் தீர்மானத்திலும் பிழை ஏதும் இல்லை.

அப்படியே நடந்தது. ஏகாதசியன்று பள்ளி முழுவதும் அவல் மட்டும் உண்டபோது கொண்டம்மாளுக்கு மட்டும் இலையில் சோறு விழுந்தது. மற்றப் பிள்ளைகள் சித்தேரிக்குப் படகு பார்க்கப் போன நாளில், நண்பகல் மணி தவறும் என்பதால், அவள் போகவில்லை. அவள் அழவும் இல்லை. சாய்வான எழுத்தில் பாடங்களை எழுதினாள், வாசிப்பதில் வகுப்பில் முதலாவதாக வந்தாள், அறைச் சுவரில் ஒட்டியிருந்த திருவண்ணாமலை மாவட்ட வரைபடத்தில் தன் வீட்டார் அன்று எந்த ஊரில் இருப்பார்கள் என்று விரல் வைத்துப் பார்த்தாள், மணி அடித்ததும் போய் உண்டாள். அவர்களுக்கு வயிறு நிறைந்ததே அன்றி, அவளுக்கு நிறையவில்லை. பசிக்கவும் இல்லை. தேர் போகும் தெரு போல அவள் வழியாகச் சோறு போயிற்று. வெளியூரிலிருந்து வரும் நன்கொடையாளர்கள் குனிந்து கன்னத்தைத் தொட்டு, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டால், "சாப்பிட்டாங்க" என்பாள். புதிதாகச் சேர்ந்த பிள்ளை தமிழைத் தவறாகப் பேசுகிறது என்று எண்ணி அவர்கள் சிரிப்பார்கள். அவள் மூன்றாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் அதையே சொன்னாள்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. நாரம்மாளின் தோள் திரண்டது. சிங்கையன் கன்னம் உப்பி, மாட்டுக்கு முன்னால் ஓடினான். கைக்குழந்தை நடந்தது. பிள்ளைகளின் வயிறு வளர்ந்தபோது கொண்டம்மாள் ஒரு தட்டுக்கு இரண்டு தட்டு உண்ண வேண்டியிருந்தது. சேர்ந்த அன்று இருபத்தொரு கிலோ இருந்தவள், பத்து வயதில் பத்தொன்பது கிலோ இருந்தாள். எடை பார்க்க வந்த செவிலி முள்ளைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு சாப்பிடறதே இல்லையா?" என்று கேட்டாள்.

"மொதல் பந்தியிலயும் இவதான், கடைசிப் பந்தியிலயும் இவதான்" என்றாள் அஞ்சலாட்சி.

புரட்டாசியில் கொண்டம்மாளுக்கு மஞ்சள் காமாலை கண்டது. கண்ணும் நகமும் மஞ்சளித்து, உள்ளே போனது எதுவும் தங்காமல் வெளியே வந்தது. முதல் நாள் அஞ்சலாட்சி கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலோரம் உட்கார்ந்து, எல்லா வீடுகளிலும் பிள்ளைகளுக்கு ஊட்டும்போது சொல்வதைப் போலவே, "அப்பாவுக்கு ஒரு வாய்... ஆத்தாவுக்கு ஒரு வாய்... தம்பிக்கு ஒரு வாய்... சின்னதுக்கு ஒரு வாய், வாயத் தொற கண்ணு" என்று சொல்லி ஊட்டினாள். அந்தப் பெண் ஒவ்வொரு பெயருக்கும் வாயைத் திறந்து விழுங்கி, நான்காம் பெயரில் எல்லாவற்றையும் வாந்தி எடுத்து, வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் திறந்தாள். ஆரம்பச் சுகாதார நிலையத்து டாக்டர் வந்து பார்த்து, "ஈரல் ஓயணும். நீராகாரம் நாலு சொட்டு, அதுவும் அவளாக் கேட்டா. வற்புறுத்தி ஊட்டினீங்கன்னா இவ தங்க மாட்டா" என்றார். பத்து நாளாவது ஆகும் என்றும் சொன்னார்.

அப்போது கெங்கையனும் குடும்பமும் போளூருக்கு அப்பால் இருந்தார்கள். புரட்டாசி, பெருமாள் மாட்டுக்காரர்களின் மாதம். சனிக்கிழமைகளில் வாசல் தோறும் அழைத்து அரிசி போடுவார்கள். அவர்களுடைய பை அந்த ஆண்டில் நிறைந்திருந்தது போல் என்றுமே நிறைந்ததில்லை. அதை வடித்தார்கள், உண்டார்கள், மறுபடியும் வடித்தார்கள், மறுபடியும் உண்டார்கள். இரண்டாம் நாள் சிங்கையன் சோற்றுப் பானைக்கு அருகில், கையில் சோற்றோடு, மயங்கி விழுந்தான். சின்னக் குழந்தை அழுவதை நிறுத்திவிட்டது. நாரம்மாள் மாட்டை உறவுக்காரன் ஒருவனிடம் விட்டுவிட்டு, பையிலிருந்த அரிசியை முடிந்துகொண்டு, எல்லோரையும் வந்தவாசிப் பேருந்தில் ஏற்றினாள்.

மூன்றாம் நாள் காலையில் அவர்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தார்கள். டாக்டர் சொன்னதைத் தலைமையாசிரியர் ஒளிக்காமல் சொன்னார். ஊட்டினால் இவள் தங்கமாட்டாள். ஊட்டாவிட்டால் அவர்கள் நால்வரும் பத்து நாள் தாங்கமாட்டார்கள், அதிலும் சின்னது இன்னும் இரண்டு நாள் தாங்குவதே அரிது.

கெங்கையன் எழுந்து கட்டிலருகே போய், மகளின் தலையைத் தொட்டு, "நான் சொன்னது இல்ல. நீ தின்னா நீ தின்ன மாதிரி. நாங்க தின்னா நாங்க தின்ன மாதிரி" என்றான். தமிழிலும் தங்கள் வீட்டுத் தெலுங்கிலும் மாற்றி மாற்றிச் சொன்னான். சொல்லிவிட்டு வெளியே வந்து ஒரு வாழைப்பழத்தைத் தின்றான். காற்றைத் தின்றது போல் இருந்தது.

"கூட்டிக்கினு பூடலாமா?" என்று மனைவியிடம் கேட்டான்.

"கூட்டிக்கினு போனா மட்டும்? அங்கயும் அவதான திங்கணும். இங்கன்னா படிப்பாவது கீது."

பின்பு நாரம்மாள் தலைமையாசிரியரிடம், "மாட்ட அவுத்துடற மாதிரி இவள அவுத்துட்டா இது வுட்டுடும் சாமி" என்றாள்.

அவர்களுடைய குடியில் முதிர்ந்த மாட்டை விற்பதும் இல்லை, கறிக்குக் கொடுப்பதும் இல்லை. அவிழ்த்துவிடுவார்கள். அவிழ்த்துவிடும் நாளில் வழக்கம் தலைகீழாகும். தாங்கள் கையேந்திக் கொணர்ந்த அரிசியை வடித்து, மாட்டை எதிரே நிறுத்தி, அதற்கு ஒரு பருக்கையும் கொடாமல், அதன் கண்ணெதிரே வீட்டார் அனைவரும் உண்டு முடித்து, எழுந்து, திரும்பிப் பாராமல் நடந்துவிட வேண்டும். அந்த நேரத்திலிருந்து மாட்டின் வயிறு மாட்டுக்கு, அவர்கள் வயிறு அவர்களுக்கு. அதன் பிறகு அந்த மாடு அவர்களை அறியாது. சந்தையில் எதிர்ப்பட்டாலும் வேறு எவரையோ போல் கடந்து போகும்.

"அவள் பெண் பிள்ளை அம்மா, மாடு இல்லை" என்றார் ரங்கபாஷ்யம்.

"மாட்டுக்குச் சொல்றத இவளாண்ட சொல்லித்தான சாமி இது வந்துச்சு."

அவர் ஓதியவற்றுள் பந்தத்தை அறுப்பதைப் பற்றி ஆயிரம் இடங்களில் சொல்லியிருந்தது. அவற்றில் ஒன்றையும் அவரால் அப்போது வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

"அப்ப எங்களுக்கு அந்த அரிசிச் சிப்பம்?" என்று கெங்கையன் கேட்டான்.

"அது கழைக்கூத்தாடிக் குடும்பத்துக்குப் போகிறது. தை மாதம் குழு கூடும். நானே மனு எழுதித் தருகிறேன்."

"பொண்ணு இல்லாதவங்களுக்கு எப்பிடி சாமி தருவாங்க?" என்றாள் நாரம்மாள்.

அவள் விடைக்காகக் காத்திருக்கவில்லை. பள்ளியின் பின்புறம் மூன்று கல்லைக் கூட்டி, இரவல் பானையில் உலை வைத்தாள். புகை எழும்பியபோது எழுந்து மகளின் கட்டிலருகே போனாள். கொண்டம்மாள் கண்ணைத் திறந்தாள்.

"நான் சாப்டுடறேம்மா. நாளைக்குள்ள சரியாயிடும்."

"வேணாம்."

"தம்பி?"

"தம்பி திம்பான். அவனுக்குப் பல்லு கீது. நீ எத்தினியாவது படிக்கிற?"

"அஞ்சாவது. நான்தான் மொதல் ரேங்க்."

"நல்லது" என்றாள் நாரம்மாள். மகளின் கால் விரல்களை ஒவ்வொன்றாக நீவினாள். மஞ்சளாக இருந்தன. "கொஞ்ச நேரம் வெளிய ஒக்காருவியா? வெயிலு நல்லது."

அஞ்சலாட்சி அவளைப் போர்வையோடு தூக்கி வந்து தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். எதிரே மண்தரையில் கெங்கையனும் நாரம்மாளும் சிங்கையனும் சின்னக் குழந்தையும் வரிசையாக உட்கார்ந்தார்கள். இலையில் வெறும் சோறு. உப்புக்கூட இல்லை. அஞ்சலாட்சி ரசம் கொண்டுவரப் போனாள்; நாரம்மாள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

முதலில் கெங்கையன் உண்டான். கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது என்பது வழக்கம், அவன் மூடவில்லை. மகளைப் பார்த்தபடியே அள்ளி அள்ளி வைத்துக்கொண்டான். சிங்கையன் ஆவலாகத் தின்றான். சின்னதற்கு நாரம்மாள் பிசைந்து ஊட்டினாள். ஒவ்வொருவராக அவர்கள் உண்டு முடித்தபோது, நாற்காலியில் இருந்தவளின் பார்வை ஒவ்வொரு முகமாக விட்டு அகன்று, சுவர்மேல், மரத்தின்மேல், காகத்தின்மேல் படிவது போல் அவர்கள்மேல் படிந்தது. அது நேர்வதை நாரம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தகப்பன் அகன்றான், தம்பி அகன்றான், குழந்தை அகன்றது. கடைசியில் தான் மட்டும் மிஞ்சியிருந்தபோது, அந்தப் பெண் தன்னையே பார்த்தபடி இருந்தபோது, நாரம்மாள் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் இருந்தாள். சின்னக் குழந்தை இரண்டு நாளுக்குப் பின் முதன்முறையாக ஏப்பம் விட்டது. அவள் கவளத்தை வாயில் போட்டு மென்று விழுங்கினாள். அது தொண்டையில் இறங்கி, வயிற்றில் போய் நின்றது.

அவர்கள் எழுந்தார்கள். இலைகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தார்கள். இரும்புக் கதவைத் தாண்டியபோது பின்னால் தாழ்வாரத்திலிருந்து குரல் கேட்டது.

"அத்தை, பசிக்குது."

அஞ்சலாட்சி ஓடும் காலடி கேட்டது. கிண்ணத்தில் கரண்டி படும் ஓசை கேட்டது. சிறிது நேரம் அது மட்டுமே கேட்டது. வாந்தி எடுக்கும் ஓசை வரவில்லை. கெங்கையன் வண்டித்தடத்தில் கால் வைத்தான். வெறுஞ்சோறு நெஞ்சை அடைத்து நாரம்மாளுக்கு விக்கல் எடுத்தது.

"அவங்கள்ளாம் யாரு அத்தை?"

அஞ்சலாட்சி கிண்ணத்தின் அடியை வழித்தாள். "வழியில போறவங்க கண்ணு" என்றாள்.

"சாப்டுட்டுத் தண்ணி குடிக்காமப் போறாங்களே. பாவம், அந்த அம்மாவுக்கு விக்கல் எடுக்குது. தண்ணி குடுங்க அத்தை."

அஞ்சலாட்சி செம்பில் தண்ணீர் மொண்டு கதவு வரை ஓடிவந்து, அங்கேயே நின்றாள். "இந்தாம்மே, தண்ணி" என்றாள், மெதுவாக. வாங்குவதென்றால் திரும்ப வேண்டும். நாரம்மாள் விக்கியபடியே கரையேறினாள். சிங்கையன் மட்டும் தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டுத் தலையைத் திருப்பப் போனான். அவள் அவன் தலையைப் பிடித்துச் சாலைப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.